ஈடா, விற்பனையா? – கடன்பட்ட விவசாயி அறிய வேண்டிய சட்டம்

பெரும்போகத்திற்கு வயல் உழத் தொடங்கும் புரட்டாதி, ஐப்பசி மாதங்களிலேதான் எமது பகுதியில் கடன் பத்திரங்களும் அதிகமாக எழுதப்படுகின்றன. உழவுகூலி, விதைநெல், பசளை, களைநாசினி எல்லாவற்றுக்கும் கையில் காசு வேண்டும். நெல் விற்றுக் காசு காண மாசியோ பங்குனியோ ஆகிவிடும். இடையிலுள்ள ஐந்தாறு மாதங்களைக் கடனால்தான் கடக்க வேண்டியிருக்கிறது.

சொந்த ஊரில் வேரூன்றி இருப்பவருக்கு உறவினர், சங்கம், நெடுநாள் தெரிந்த கடைக்காரர் என்று நாலு கதவுகள் உண்டு. 1990 இல் ஊர்விட்டு ஓடியவர்களுக்கும், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் வேறிடத்தில் குடியமர்ந்தவர்களுக்கும், வேறு காரணங்களால் காணியை இழந்து நிற்பவர்களுக்கும் அக்கதவுகளில் பல அடைபட்டுவிட்டன. அதற்குமேல் 2021 இல் இரசாயனப் பசளைக்கு வந்த தடை விளைச்சலைக் குறைத்தது. 2024 நவம்பர் வெள்ளம் விதைத்ததைக் கொண்டுபோயிற்று. கடன் கேட்டுப் போகும் இடத்தில் நீட்டப்படும் காகிதத்தைப் படித்துப் பார்க்கும் மனநிலையில் எவரும் இல்லை. நீட்டிய இடத்தில் கையொப்பம் வைத்துவிட்டு, எண்ணிக் கொடுத்த காசை மடியில் கட்டிக்கொண்டு திரும்புகிறார்கள்.

ஒரே தொகையை ஒரே வட்டிக்கு வாங்கிய இருவரில் ஒருவர் காணியை இழக்கிறார், மற்றவர் காப்பாற்றிக்கொள்கிறார். இந்த வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் காரணம் அவர்கள் கையொப்பமிட்ட காகிதத்தின் வகையும், அதில் போட்ட திகதியுமே. இப்பாடத்தில் அவ்விரண்டையும் பற்றியே அதிகம் பேசுகிறோம். கூலி வேலைக்குப் போகும் குடும்பங்களும் எமது வாசகர்களில் உண்டு. அவர்களுக்கான சில விடயங்களைப் பின்னால் சொல்வோம்.

எழுதிக்கொள்வது அவமரியாதை அல்ல

"நமக்குள்ள என்ன எழுத்து?" என்ற பேச்சு எமது ஊர்களில் எங்கும் உண்டு. எழுதக் கேட்டால் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடுமாம். ஆனால் திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம், சூரத்துல் பகராவின் 282 ஆம் வசனம், கடனை எழுதிக்கொள்வது பற்றியதே என்பதை முஸ்லிம் வாசகர்கள் அறிவார்கள். தவணை குறித்து எழுத வேண்டும், சாட்சி வைக்க வேண்டும், வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன்படுபவர் என்பதெல்லாம் அங்கே இருக்கிறது. கடன்படுபவரே வாசகம் சொல்ல வேண்டும் என்பதை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். இன்று நடப்பதோ மறுதலை: கொடுப்பவர் எழுதி வைத்திருக்கிறார், வாங்குபவர் பெருவிரலை வைக்கிறார். அதற்கு இரண்டு வசனங்கள் முன்னே, கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படி பணிக்கப்பட்டுள்ளது.

எங்கள் வேதாகமத்திலும் இதே கவலை உண்டு. உபாகமம் 24 ஆம் அதிகாரம் மாவரைக்கும் கல்லை அடகாக வாங்கக் கூடாது என்கிறது. அதை வாங்குவது ஒருவனுடைய பிழைப்பையே வாங்குவதாகும். நெகேமியா 5 ஆம் அதிகாரத்தில், பஞ்சத்தில் தானியம் வாங்குவதற்காக வயலையும் வீட்டையும் ஈடுவைத்த மக்கள் முறையிடுகிறார்கள். காணிகளைத் திருப்பிக் கொடுக்கும்படி நெகேமியா தலைவர்களைச் சபையில் வைத்துக் கேட்கிறார். இது எவ்வளவு பழைய வழக்கு என்று பாருங்கள்.

நோட்டு

நாம் பிரமிசரி நோட்டு என்று சொல்லும் வாக்குறுதிச் சீட்டுத்தான் மிகச் சாதாரணமான கடன் காகிதம். இதைக் கட்டுப்படுத்த இலங்கையில் 1918 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க பணம் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டம் உண்டு. நூறு ஆண்டுகள் கடந்த இச்சட்டத்தை எமது பகுதியில் கடன் கொடுப்போரும் அறியார், வாங்குவோரும் அறியார்.

கடனுக்காக எழுதப்படும் நோட்டில் மூன்று விடயங்கள் தனித்தனியாகத் தெளிவாக இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது: உண்மையில் கையில் கொடுத்த முதல் எவ்வளவு, முன்கூட்டியே வட்டியாகக் கழித்துக்கொண்டது எவ்வளவு, ஆண்டுக்கு நூற்றுக்கு எத்தனை வட்டி. ஒரு இலட்சம் என்று எழுதி, முதல் மாத வட்டி பத்தாயிரத்தைக் கழித்துத் தொண்ணூறாயிரத்தைக் கையில் தருகிற வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். அந்தப் பத்தாயிரம் நோட்டில் காட்டப்பட்டிருக்க வேண்டும். இவ்விபரங்கள் இல்லாத நோட்டை வைத்து வழக்குப் போடுபவர் நீதிமன்றத்தில் சிக்கலுக்குள்ளாவார். தொகையை எழுதாமல் வெறுமையாக விட்ட நோட்டை, அல்லது பொய்த் தொகை என்று தெரிந்தே எழுதிய நோட்டைக் கடனுக்குப் பிணையாக எடுப்பது அதே சட்டத்தின்படி குற்றமாகும். அதாவது வெற்று நோட்டில் கையொப்பம் கேட்பவர்தான் சட்டத்தை மீறுகிறார். இதைச் சண்டைக்கு நிற்பதற்காகச் சொல்லவில்லை. "தொகையை எழுதிப் போட்டுத் தாங்க காக்கா, நான் கையொப்பம் வைக்கிறேன்" என்று பணிவாகக் கேட்பதற்குச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பதற்காகவே சொல்கிறேன்.

வட்டி மிகக் கொடியதாக இருந்தால் அக்கொடுக்கல் வாங்கலைத் திறந்து பார்த்துக் கணக்கைத் திருத்தும் அதிகாரமும் இச்சட்டத்தின்கீழ் நீதிமன்றத்திற்கு உண்டு. இன்னொரு பழைய சட்டம், 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க குடியியல் சட்டக் கட்டளைச் சட்டம். தனியார் கடன்களில், நிலுவை வட்டியாக அறவிடக்கூடிய தொகை முதலை மிஞ்ச முடியாது என்பது அதன் விதி. மாதம் நூற்றுக்குப் பத்து என்ற கணக்கில் பத்து மாதத்திலேயே வட்டி முதலைத் தொட்டுவிடும். மீற்றர் வட்டிக்காரர் ஒரு இலட்சத்துக்கு நாலு இலட்சம் நிலுவை என்று சொன்னால், அந்தக் கணக்கு அவருடைய கொப்பியில் நிற்கும்; நீதிமன்றத்தில் நிற்காது.

கொடுத்த ஒவ்வொரு காசுக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வெட்கமாக இருந்தால் நோட்டின் பின்புறத்தில் திகதியோடு எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். கடன் முடிந்த அன்றே நோட்டைக் கையில் வாங்கிக் கிழியுங்கள். "பிறகு தேடித் தாறன்" என்பதை ஏற்க வேண்டாம்.

காசோலை வேறு விடயம். வங்கிக் கணக்கில் பணமில்லை என்று தெரிந்துகொண்டே காசோலை எழுதுவதை 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் (விசேட ஏற்பாடுகள்) சட்டம் குற்றமாக்கியுள்ளது. அதற்குச் சிறையும் உண்டு. பசளைக் கடையிலோ நெல் வியாபாரியிடமோ பிணையாகக் காசோலை எழுதிக் கொடுப்பவர், சாதாரணக் கடனைக் குற்ற வழக்காக மாற்றும் கயிற்றைத் தாமே பின்னிக் கொடுக்கிறார்.

நிபந்தனை உறுதி

இங்கேதான் நாம் சற்று அதிக நேரம் நிற்க வேண்டும். காணியைப் பிணை வைத்துக் கடன் வாங்கும்போது நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படும் உறுதி மூன்று வகையாக இருக்கலாம். வெளிப்பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோலத் தெரியும்.

முதலாவது ஈட்டு உறுதி. காணி உங்களுடையதாகவே இருக்கும். பணம் கட்டத் தவறினால் கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டு, தீர்ப்புப் பெற்று, காணியை ஏலத்தில் விற்க வேண்டும். ஏலப் பணத்தில் அவருக்குச் சேர வேண்டியதும் செலவும் போக மிகுதி உங்களுக்கு வரும். நாற்பது இலட்சம் பெறுமதியான வயலை வைத்து ஆறு இலட்சம் வாங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வட்டியும் செலவுமாகப் பத்து இலட்சம் ஆகி, வயல் முப்பத்தைந்து இலட்சத்துக்கு ஏலம் போனால், இருபத்தைந்து இலட்சம் உங்கள் கைக்கு வர வேண்டும். வயல் போனாலும் வாழ்வு முழுவதும் போகவில்லை.

இரண்டாவது நிபந்தனை உறுதி. இதில் நீங்கள் காணியை விற்றுவிடுகிறீர்கள். குறித்த தவணைக்குள் இன்ன தொகையைக் கொடுத்தால் திரும்ப எழுதித் தருவதாக ஒரு நிபந்தனை அதே உறுதியில் சேர்க்கப்படும். தவணை ஒரு நாள் தவறினாலும் விற்பனை நிலைத்துவிடும். ஏலமும் இல்லை, மிகுதிப் பணமும் இல்லை. அதே ஆறு இலட்சத்துக்கு நாற்பது இலட்சம் போய்விடும். நெல் விலை விழுந்த போகத்தில், தவணை தையிலும் அறுவடை மாசியிலும் என்றிருந்தால், விவசாயி தோற்கவேண்டிய திகதி உறுதி எழுதிய அன்றே குறிக்கப்பட்டாயிற்று.

மூன்றாவது அறுதி உறுதி, அதாவது முற்றான விற்பனை. கடனுக்காக எழுதுவதாக இருவரும் பேசிக்கொள்கிறார்கள். உறுதியிலோ ஒரு நிபந்தனையும் இல்லை. "சும்மா ஒரு பேருக்கு எழுதுவம் தம்பி, காசத் தந்தா அடுத்த நாளே திருப்பி எழுதித் தாறன்" என்பதோடு முடிந்துவிடும். சொல்பவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் மௌத்தாகிவிட்டால் அவருடைய பிள்ளைகளுக்கு அந்த வாக்கு தெரியாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணியைக் கைமாற்றுவது பற்றிய உடன்படிக்கை நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்படாவிட்டால் சட்டத்தின் முன் செல்லாது. வாயால் சொன்னதை வைத்து "எழுதித் தா" என்று கேட்க முடியாது.

எனினும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83 ஆம் பிரிவு, காணியை எழுதிக் கொடுத்தவர் அதன் பயனையும் விட்டுக்கொடுக்கும் எண்ணத்துடன் எழுதவில்லை என்பது சூழ்நிலைகளிலிருந்து தெரிந்தால், வாங்கியவர் அதை எழுதிக் கொடுத்தவருக்காகவே வைத்திருப்பவராகக் கருதப்படுவார் என்கிறது. எந்தச் சூழ்நிலைகள்? 1947 ஆம் ஆண்டின் எஹியா லெப்பை எதிர் மஜீத் என்ற வழக்கில் உயர் நீதிமன்றம் சில அளவுகோல்களைச் சொன்னது. எழுதிக் கொடுத்த பின்னும் காணி பழைய சொந்தக்காரரின் கையிலேயே இருந்ததா? உறுதி எழுதும் செலவு முழுவதையும் அவரே கொடுத்தாரா? உறுதியில் காட்டிய விலை, காணியின் நியாயமான விலையோடு ஒப்பிட மிகமிகக் குறைவா? இவற்றைப் பார்த்து அது உண்மையான விற்பனையா வேறொன்றா என்று முடிவு செய்யலாம் என்றது. பின்வந்த எத்தனையோ வழக்குகளில் இந்த அளவுகோல்கள் எடுத்தாளப்பட்டுள்ளன.

இடம்பெயர்ந்தவரின் பலவீனமும் இங்கேதான் வெளிப்படுகிறது. முதல் கேள்வியே காணி யார் கையில் இருந்தது என்பது. ஊரில் இருந்தவர் வயலைத் தொடர்ந்து செய்துவருவார். போடியாருக்கும் முல்லைக்காரருக்கும் வட்டவிதானைக்கும் அது தெரியும். நீங்கள் பதினைந்து மைல் அப்பால் குடியிருக்க, கடன் கொடுத்தவரே அவ்வயலை விதைத்து அறுத்துக்கொண்டிருந்தால், விற்பனை உண்மையானதே என்று சொல்ல அவருக்கு நல்ல ஆதாரம் கிடைத்துவிடுகிறது. ஆகவே தூரத்தில் இருந்தாலும் காணியோடு உங்கள் தொடர்பைக் காட்டும் எதையும் விட்டுவிடாதீர்கள். கமநல சேவை நிலையத்தின் விவசாயக் காணி இடாப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். குத்தகைக்குக் கொடுத்தால் உங்கள் பெயரில் குத்தகை எழுதுங்கள். வட்டி கட்டிய சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். வட்டி வாங்கியவர் விலைக்கு வாங்கியவராக எப்படி இருக்க முடியும்? இன்னும் ஒன்று: கடன் கொடுத்தவர், விடயம் தெரியாத மூன்றாம் ஆளுக்கு நல்ல விலைக்கு விற்றுவிட்டால் இந்த வாசலும் ஏறக்குறைய மூடிவிடும். ஆகவே சந்தேகம் எழுந்த உடனேயே சட்டத்தரணியைக் காணுங்கள்.

நிபந்தனை உறுதி எழுதியவர்களுக்கும் ஈடு வைத்தவர்களுக்கும் கடன் இணக்க சபை என்ற அமைப்பு உண்டு. 1941 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் ஏற்பட்டது. காணியைப் பிணை வைத்துத் தனியாரிடம் வாங்கிய கடனை இரு தரப்பையும் அழைத்துப் பேசி, தவணை முறையில் கட்டும் ஒழுங்கொன்றை ஏற்படுத்துவதே அதன் வேலை. அங்கே விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது அதே கடனுக்காகக் கடன் கொடுத்தவர் நீதிமன்றத்தில் வழக்கை நடத்த முடியாது. சபை கொழும்பில் இருக்கிறது என்பது எமது மக்களுக்குப் பெரிய தடைதான். அதைவிடப் பெரிய தடை காலம். நிபந்தனை உறுதியின் மீட்புத் தவணை ஓடி முடிந்த பின் போய்ப் பயனில்லை. தவணை முடிய மாதங்கள் இருக்கும்போதே, அறுவடை எப்படி ஆகும் என்று பாராமலே விண்ணப்பிக்க வேண்டும். "நெல் அடிச்சுப் பார்த்துட்டுப் போவம்" என்று இருந்தவர்கள் பலர் காணியை இழந்திருக்கிறார்கள்.

அனுமதிப் பத்திரக் காணி

கல்லோயாத் திட்டத்தின் குடியேற்றக் கிராமங்களிலும் வேறு அரச காணிகளிலும், 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப் பத்திரமோ அளிப்புப் பத்திரமோ பெற்றவர்கள் பலர். பிரதேச செயலகத்தின் ஊடான எழுத்து மூல அனுமதி இன்றி இக்காணிகளை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. மீறி எழுதும் உறுதி செல்லாது. தனியார் கடனுக்காகப் பெற்ற தீர்ப்பை நிறைவேற்ற இக்காணியைக் கைப்பற்றி ஏலம் போடவும் முடியாது. இதைத் தடையாகக் கருதி முணுமுணுப்பவர்களைக் கண்டிருக்கிறேன். கஷ்டத்தில் விற்றுவிடாமல் தடுப்பதே அச்சட்டத்தின் நோக்கம். ஆனால் ஆபத்து வேறு உருவில் வருகிறது: பத்திரத்தையே கையில் கொடுத்துவிட்டு, வயலையும் போகக் கணக்கில் கடன்காரருக்கு விட்டுவிடுகிறார்கள். நாலு போகம் போனபின் காணியில் இருப்பவர் அவர். தானே செய்கை பண்ணவில்லை என்று பத்திரம் இரத்தாகும் நிலை உங்களுக்கு.

உறுதிகளை வெள்ளத்திலும் ஓட்டத்திலும் தொலைத்தவர்கள் அஞ்ச வேண்டாம். நொத்தாரிசு எழுதும் உறுதியின் இணைப்பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகிறது. உறுதிப்படுத்திய பிரதியை அங்கே பெறலாம். பழைய உறுதி இல்லாததையே சாட்டாக வைத்து "புதிதாக ஒன்று எழுதுவம்" என்று அழைப்பவரிடம் எச்சரிக்கை வேண்டும்.

காலம் யாருக்காகவும் நிற்பதில்லை

1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவதிக் கட்டளைச் சட்டம் வழக்குப் போடும் காலத்தை வரையறுக்கிறது. வாய்வார்த்தையால் கொடுத்த கடனுக்கு 3 ஆண்டுகள். நோட்டுக்கும் எழுத்து மூல ஒப்பந்தத்துக்கும் 6 ஆண்டுகள். ஈட்டுக்கு 10 ஆண்டுகள். கூலிக்கும் கடைச் சாமான் கணக்குக்கும் ஒரே ஒரு ஆண்டு. இடையில் ஒரு பகுதியைக் கட்டினாலோ, கடன் உண்டென்று எழுதிக் கொடுத்தாலோ கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

யுத்தத்தால் நீதிமன்றம் போக முடியாதிருந்தவர்களுக்காக 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை தம் அசையாச் சொத்துக்கு வழக்கிட முடியாது போனவர்களுக்கு அது வழி செய்தது. கொடுத்த அவகாசமோ இரண்டே ஆண்டுகள். எத்தனை பேருக்கு அச்செய்தி உரிய காலத்தில் எட்டியது? பணக் கடன்களுக்கு அது பொருந்தவும் இல்லை.

காலவதி கடனாளிக்கு வசதி என்று மட்டும் எண்ண வேண்டாம். நெல்லைக் கடனாகக் கொடுத்துவிட்டு வியாபாரியிடம் காசுக்காக அலையும் விவசாயியும் இங்கே கடன் கொடுத்தவரே. நெல் ஏற்றிய அன்றே மூடைக் கணக்கும் விலையும் திகதியும் எழுதி அவருடைய கையொப்பத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

வழக்கும் சிறையும்

"காசு தராவிட்டால் உள்ளே போடுவேன்" என்ற வார்த்தை எமது பெண்களை மிகவும் நடுங்க வைக்கிறது. ஒப்பந்தப்படி கட்ட இயலாமை ஒன்றையே காரணமாக வைத்து எவரையும் சிறையிடக் கூடாது என்பது, இலங்கை 1980 இல் ஏற்றுக்கொண்ட குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 11 ஆம் உறுப்புரை. கடனை அறவிடுவது பொலிசாரின் வேலை அல்ல. ஏமாற்றும் எண்ணத்தோடு வாங்கியதாகவோ காசோலை பற்றியோ முறைப்பாடு வந்தால் அது வேறு. நீதிமன்ற அழைப்பாணையை வாங்காமல் ஒளிவதும், தீர்ப்புக்குப் பின் சொத்தை மறைப்பதும் உங்களுக்கே கேடு. அழைப்பாணை வந்தால் அன்று போங்கள். போகாதவருக்கு எதிராக ஒருதலையாகத் தீர்ப்பு எழுதப்படும்.

தீர்ப்பு வந்து பிஸ்கல் உத்தியோகத்தர் சொத்தைக் கைப்பற்ற வந்தாலும் எல்லாவற்றையும் எடுக்க முடியாது. குடியியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையின் 218 ஆம் பிரிவு சிலவற்றை விலக்கி வைத்திருக்கிறது: தேவையான உடுபுடவை, படுக்கை, தொழிற் கருவிகள், கடனாளி விவசாயியானால் அவருடைய வேளாண்மைக் கருவிகள், பிழைப்புக்குத் தேவையென நீதிமன்றம் கருதும் மாடுகள், விதைநெல். கூலியாளின் கூலியும் விலக்கு. உபாகமத்தின் மாவரைக்கும் கல் இங்கே விதைநெல்லாக நிற்கிறது. ஆனால் குறிப்பிட்டு ஈடு வைத்த பொருளுக்கும், லீசிங்கில் எடுத்த உழவு இயந்திரத்துக்கும் இப்பாதுகாப்பு இல்லை. தவணை முடியும்வரை அந்த இயந்திரம் கம்பனியுடையது.

கணவன் பட்ட கடனுக்கு மனைவி, தான் கையொப்பமிடாவிட்டால், பொறுப்பாளி அல்ல. இறந்தவரின் கடன் அவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்தே தீர்க்கப்பட வேண்டியது. பிள்ளைகள் தம் உழைப்பிலிருந்து கட்டச் சட்டம் வற்புறுத்தாது. ஜனாஸாவின்போது, மௌத்தானவர் எவருக்கும் கடன் பட்டிருந்தால் குடும்பத்தாரிடம் சொல்லும்படி அறிவிப்பது முஸ்லிம் மக்களின் அழகிய வழக்கம். அதை நான் மதிக்கிறேன். அப்போது வருபவர் காட்டும் காகிதத்தை மட்டும் ஒரு வாரம் பொறுத்து, படித்தவர் ஒருவரிடம் காட்டிப் பாருங்கள். விதவையைத் துக்க வீட்டிலேயே புதிய நோட்டில் கையொப்பமிட வைப்பவர்களும் உண்டு.

பிணைக் கையொப்பமும் இப்படித்தான். குழுக் கடனில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்காக வைத்த கையொப்பம் உங்கள் கடன்தான். யுத்தத்தின் பின் வடக்கு கிழக்கில் பெருகிய நுண்கடன்கள் இதனாலேயே எத்தனையோ வீடுகளைப் பகையாக்கின. 2018 இல் அரசாங்கம் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், பெண்கள் பெற்று நிலுவையாகிப்போன ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்ததும், ஆண்டு வட்டிக்கு 35 சதவீதம் என்ற உச்ச வரம்பு அறிவிக்கப்பட்டதும் நிலைமை எவ்வளவு முற்றியிருந்தது என்பதைக் காட்டும்.

கைவிரிப்பது

"வங்குரோத்து எழுதிக் கொடுத்தால் கடன் போகும்" என்று சிலர் சொல்வார்கள். 1853 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க முறிவடைந்தோர் கட்டளைச் சட்டம் அந்த வழியை வகுத்தது: கடனாளி மாவட்ட நீதிமன்றத்தில் தன் சொத்தையும் கடனையும் முழுவதும் வெளிப்படுத்த, சொத்து ஒருவர் பொறுப்பில் சேர்க்கப்பட்டுக் கடன் கொடுத்தோர் அனைவருக்கும் விகிதப்படி பங்கிடப்படும். வியாபாரிகளை மனதில் வைத்து எழுதப்பட்ட இச்சட்டத்தால் எமது விவசாயிகள் கண்ட பயன் அரிது. ஆயினும் அதன் உள்ளே உள்ள எண்ணம் நல்லது: ஒளிக்காமல் எல்லாவற்றையும் மேசைமேல் வைப்பது, எல்லாக் கடன்காரரையும் ஒன்றாக இருத்திப் பேசுவது. 2022 ஏப்ரல் 12 இல் இலங்கை அரசே வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென்று அறிவித்து, பின்னர் கடன் கொடுத்தோரோடு பேசித்தான் தவணைகளை மாற்றிக்கொண்டது. நாடு செய்ததை ஒரு விவசாயி செய்வதில் வெட்கமென்ன?

பலர் செய்வது வேறு. வழக்கு வரப்போகிறது என்றதும் காணியை மனைவி பெயருக்கோ மருமகன் பெயருக்கோ நன்கொடையாக எழுதிவிடுகிறார்கள். கடன்காரரை ஏமாற்ற எழுதிய உறுதியை இரத்தாக்கக் கேட்டு அவர் வழக்கிடலாம். உரோம டச்சுச் சட்டத்திலிருந்து எமக்கு வந்த பௌலிய வழக்கு என்பது அதுதான். காணியும் மிஞ்சாது, பெயரும் மிஞ்சாது.

பேசித் தீர்க்க வழி உண்டு. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்பட்ட மத்தியஸ்த சபைக்கு, குறித்த தொகைக்குட்பட்ட பெரும்பாலான தனியார் பணத் தகராறுகள் வழக்குக்கு முன் வந்தாக வேண்டும். அங்கே சட்டத்தரணி தேவையில்லை. பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையிலோ பங்கிலோ ஆலயத்திலோ பேசி முடித்தாலும் நல்லதே, முடித்ததை எழுதுங்கள். எங்கே பேசினாலும் கட்டக்கூடிய தவணைக்கே சம்மதியுங்கள். மாதாமாதம் கட்டுவதாகச் சொல்ல விவசாயிக்கு என்ன மாத வருமானம்? "ஒவ்வொரு போக அறுவடைக்குப் பின்" என்று கேளுங்கள்.

கூலிக்குப் போகிறவர்களுக்கு

வயல் இழந்தவர்களில் பலர் இன்று அரிசி ஆலையிலும், கல்முனைக் கடைகளிலும், மருதமுனைத் தறிகளிலும், கட்டட வேலையிலும் நிற்கிறார்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு (1958) முதலாளி 12 சதவீதமும் தொழிலாளி 8 சதவீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு (1980) முதலாளி தனியே 3 சதவீதம். ஒரேயொரு தொழிலாளி இருந்தாலும், அவர் நாட்கூலியாகவோ துண்டுக்கூலியாகவோ இருந்தாலும் இது பொருந்தும். "நீ நிரந்தரமில்லை" என்பது சாட்டு. தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2026 ஜனவரி முதல் மாதம் 30,000 ரூபா, நாளொன்றுக்கு 1,200 ரூபா. பதினைந்து பேருக்குக் குறையாத இடத்தில் ஐந்து ஆண்டுகள் வேலை செய்து விலகினால், ஆண்டுக்கு அரைமாதச் சம்பளம் பணிக்கொடையாக 1983 ஆம் ஆண்டுச் சட்டப்படி கிடைக்க வேண்டும். வேலையிலிருந்து நிறுத்தினால் தொழில் நியாய சபைக்கு 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

முற்பணம்தான் இங்கே பொறி. இடம்பெயர்ந்து வந்த அன்று முதலாளி கொடுத்த இருபதாயிரத்துக்காக, கூலி என்னவென்று கேளாமலே மூன்று ஆண்டுகள் நிற்கிறார்கள். முற்பணம் ஒரு கடன்; அதற்கும் ஒரு கொப்பி வைத்து, ஒவ்வொரு சம்பளத்திலும் கழித்ததை எழுதுங்கள். கடன் மிச்சம் இருக்கிறதென்று எவரையும் வேலையில் கட்டி வைக்க எந்தச் சட்டமும் இடங்கொடுக்கவில்லை. நாள் வேலை செய்ததைக் காட்ட உங்களிடம் ஒன்றும் இல்லாவிட்டால் தொழில் அலுவலகத்தாலும் பெரிதாக உதவ முடியாது. ஆகவே வீட்டுக் கலண்டரில் வேலை செய்த நாளைத் தினமும் வட்டமிடுங்கள். முறைப்பாடு கொடுக்கப் பணம் தேவையில்லை. வழக்குக்கு வசதியற்றவர்களுக்கு 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. அதன் நிலையங்கள் பெரும்பாலும் நீதிமன்றங்களை அண்டியே இயங்குகின்றன.

சங்கக் கூட்டத்திற்கு

அடுத்த மாதக் கூட்டத்திற்கு வரும்போது வீட்டில் இருக்கும் கடன் காகிதங்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். தொகையை மற்றவர் முன் சொல்ல விரும்பாவிட்டால் சொல்ல வேண்டாம். வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று ஒவ்வொரு காகிதத்திலும் மூன்றை மட்டும் பார்க்கட்டும்: தலைப்பில் ஈடு என்று இருக்கிறதா, விற்பனை என்று இருக்கிறதா, வட்டி எழுதியிருக்கிறதா, தவணை எந்தத் திகதியில் முடிகிறது. அந்தத் திகதியைக் கரும்பலகையில் பெயர் போடாமல் எழுதுங்கள். இன்னும் மூன்று மாதத்துக்குள் முடிகிற நிபந்தனை உறுதி எவரிடமாவது இருந்தால் அடுத்த கூட்டம்வரை காத்திருக்காமல், உறுதியின் பிரதியோடு மறுநாளே சட்ட உதவி நிலையத்துக்குப் போகட்டும்; தனியே போகத் தயங்கினால் சங்கத்தில் இருவர் கூடப் போகலாம். வங்கிக் கடன்களுக்கு 1990 இல் வந்த தனிச் சட்டங்கள் உண்டு. அவற்றை அடுத்த இதழில் பார்ப்போம்.